அதிகாரியின் அந்தரங்கம்: ஆட்டோ சங்கர் வழக்குத் தீர்ப்பு, ஒரு மறுவாசிப்பு

சங்க மலருக்குக் கட்டுரை என்றால் சிலப்பதிகாரம், திருமந்திரம், மிஞ்சிப்போனால் பாரதி என்று எழுதுவதுதான் வழக்கம். மலர்க்குழு நண்பர்கள் இந்த முறையும் என்னிடம் அதையே எதிர்பார்த்திருப்பார்கள். நான் கொண்டுவந்திருப்பது ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. முகம் சுளிக்க வேண்டாம். தீர்ப்பும் உரை எழுதத்தக்க ஒரு நூல்தான். அதிலும் இது நம்ம ஊர்ச் சமாச்சாரம். திருவான்மியூரில் ஆரம்பித்து, செங்கல்பட்டுக் கிளைச்சிறை வழியாக, நம் தில்லி திலக் மார்க் வரைக்கும் வந்து சேர்ந்த கதை.

நான் வக்கீலும் அல்ல, பத்திரிகைக்காரனும் அல்ல. முப்பத்து நாலு வருஷம் மத்திய அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன். அரசு ஊழியனுக்கு அந்தரங்கம் என்று ஒன்று உண்டா, உண்டென்றால் எதுவரைக்கும், அதற்குள் பத்திரிகை எப்போது நுழையலாம் என்பதெல்லாம் எனக்கு ஏட்டுப் படிப்பு அல்ல. இந்த மலரைப் புரட்டுகிறவர்களில் பாதிப்பேர் அரசு வேலையில் இருந்தவர்கள், அல்லது அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகள். ஆகவே உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

வழக்கு இதுதான். ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற கௌரிசங்கர் என்கிற ஆட்டோ சங்கர், 1991இல் செங்கல்பட்டுச் சிறையில் இருந்தபோது முந்நூறு பக்கத்துக்குத் தன் வாழ்க்கைக் கதையை எழுதினான், மனைவி மூலம் தன் வக்கீலிடம் சேர்த்தான், அதைத் தொடராக வெளியிடப் போகிறோம் என்று 1994 மே மாதம் ‘நக்கீரன்’ அறிவித்தது. ஜூன் 15ஆம் தேதி சிறைத்துறை ஐ.ஜி.யிடமிருந்து பத்திரிகைக்குக் கடிதம் வந்தது. சங்கர் அப்படி எதுவும் எழுதவில்லை, கதையே பொய், வெளியிட்டால் நடவடிக்கை என்று. நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் நேராக உச்ச நீதிமன்றம் போனார். 1994 அக்டோபர் 7ஆம் தேதி நீதிபதிகள் பி.பி. ஜீவன் ரெட்டியும் எஸ்.சி. சென்னும் தீர்ப்புச் சொன்னார்கள். அரசோ அதிகாரிகளோ வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது, குறை இருந்தால் வெளிவந்த பிறகு வழக்குப் போடட்டும் என்றார்கள். அடுத்த வருஷம், 1995 ஏப்ரல் 27 அன்று, சேலம் சிறையில் சங்கர் தூக்கிலிடப்பட்டான்.

சட்டக் கல்லூரிகளில் இதை ‘ஆட்டோ சங்கர் கேஸ்’ என்றே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆறு பேரைக் கொன்றவன் பெயரால் அந்தரங்க உரிமை அறியப்படுவது ஒரு வேடிக்கைதான். இதற்கு முன்னாலும் இந்தப் பேச்சு இருந்தது. ராத்திரியில் போலீஸ் வீட்டுக் கதவைத் தட்டலாமா என்று கேட்ட 1962ஆம் வருஷத்து கரக் சிங் வழக்கு, 1975இன் கோவிந்த் வழக்கு. அவையெல்லாம் குடிமகனுக்கும் போலீசுக்கும் நடுவில் உள்ளவை. அந்தரங்கத்தையும் பத்திரிகையையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேசிய முதல் பெரிய தீர்ப்பு ராஜகோபால்தான்.

தீர்ப்பின் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். ஒவ்வொரு குடிமகனுக்கும் தன்னைச் சும்மா விடச் சொல்லும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவிலேயே அடங்கியிருக்கிறது. குடும்பம், திருமணம், தாய்மை, பிள்ளைகளின் படிப்பு இவற்றைப் பற்றி அவன் அனுமதியில்லாமல் யாரும் எழுதக்கூடாது, புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும். ஆனால் கோர்ட்டு ஆவணம் போன்ற பொதுப் பதிவுகளில் ஏறிவிட்ட விஷயத்தை எழுதலாம். அதிலும் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயர் வரக்கூடாது. இனி நமக்கு வேண்டியது. அரசு அதிகாரி தன் அலுவல் கடமை தொடர்பான நடத்தை விஷயத்தில் அந்தரங்கம் என்று சொல்லி நஷ்ட ஈடு கேட்க முடியாது. எழுதியது தப்பாகவே இருந்தாலும், நியாயமான அளவுக்கு விசாரித்துத்தான் எழுதினேன் என்று பத்திரிகைக்காரன் காட்டினால் போதும். உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் எழுதினான், அல்லது பொய்யை வன்மத்தோடு எழுதினான் என்றால் மட்டுமே மாட்டுவான். 1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியூயார்க் டைம்ஸ் வழக்கில் சொன்னதன் சாயல் இது. நீதிபதிகளே அதை எடுத்துப் பேசுகிறார்கள்.

படிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. ‘அலுவல் கடமை தொடர்பான’ என்ற இரண்டு மூன்று சொற்களில்தான் எல்லா வம்பும் உட்கார்ந்திருக்கிறது. எது தொடர்பு, எது தொடர்பில்லை?

இதற்கு விடை தேட வெளியே போக வேண்டாம். தீர்ப்பின் முன்பகுதியில், மனுதாரர் தரப்புக் கதையைச் சொல்லும் இடத்தில், ஒரு செய்தி வருகிறது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் பலர் சங்கருக்கு நெருக்கமானவர்கள். அவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கே வந்திருந்தார்கள். வீடியோ கேசட்டும் போட்டோக்களும் சாட்சி. இது ஒரு தரப்பின் வாதம், நீதிமன்றம் இதை உண்மை என்று முடிவு கட்டவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இந்தத் தீர்ப்புக்குக் கொடுக்கத்தக்க நல்ல உதாரணம் இதுதான். நீதிபதிகள் இதை எடுத்து ஆராயாமல் போனது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

நம் ஆட்களுக்குக் கிரகப்பிரவேசம் என்றால் என்ன? விடியற்காலையில் போகிறோம், பால் காய்ச்சுவதைப் பார்க்கிறோம், மொய் எழுதுகிறோம், இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு தாம்பூலப் பையோடு வருகிறோம். இதைவிடச் சொந்த விஷயம் வேறு உண்டா? ஒரு போலீஸ் அதிகாரி, லீவு நாளில், வேட்டி கட்டிக்கொண்டு, பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனால் அதைப் படம் எடுத்துப் போட எந்தப் பத்திரிகைக்கும் பாத்தியதை இல்லை. அதே அதிகாரி, அதே வேட்டி, அதே இலை. ஆனால் வீட்டுக்காரன் அந்த அதிகாரியின் எல்லைக்குள்ளேயே கள்ளச்சாராயமும் விபசாரமும் நடத்துகிறவன் என்றால்? அப்போது அந்த இலையே அலுவல் சம்பந்தப்பட்டதாகிவிடுகிறது. சாப்பிட்ட கை மறுநாள் எஃப்.ஐ.ஆர். எழுதுமா என்று கேட்க ஊருக்கு உரிமை வந்துவிடுகிறது.

ஆகவே எல்லைக்கோடு ஆபீஸ் வாசலில் இல்லை. கடிகாரத்திலும் இல்லை, சீருடையிலும் இல்லை. அந்தச் செயலால் நாற்காலியின் வேலை மாறுகிறதா என்பதே கேள்வி. இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1964ஆம் வருஷத்து மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளைப் புரட்டிப் பாருங்கள். கல்யாணத்துக்கு யாரிடம் என்ன பரிசு வாங்கலாம், எவ்வளவுக்கு மேல் போனால் ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. வரதட்சணை வாங்காதே என்று இருக்கிறது. இரண்டாம் கல்யாணம், குடி, மகன் வேலைக்குச் சேர்ந்த கம்பெனி, வாங்கிய மனை எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொரு ஜனவரியிலும் அசையாச் சொத்து ரிட்டர்ன் எழுதிக் கொடுத்தவர்களுக்குத் தெரியும். மாமனார் எழுதிவைத்த காவிரிக்கரை நிலம் அரை ஏக்கர் வரைக்கும் சர்க்காருக்குச் சொல்லியாக வேண்டும். அதாவது அரசு என்கிற எஜமானன் நம் சமையலறை வரைக்கும் வந்து எட்டிப் பார்ப்பதை நாமே கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்டோம். இதே கணக்கைக் குடிமகன் கேட்டால் மட்டும் ‘அந்தரங்கம்’ என்கிறோம். இந்த முரணுக்குப் பின்னால் வருகிறேன்.

இடையில் ஒரு சொல்லாராய்ச்சி. தமிழ்ச் சங்க மலரில் அதுகூட இல்லாவிட்டால் எப்படி? பிரைவசிக்கு இப்போது ‘தனியுரிமை’ என்று எழுதுகிறார்கள். நல்ல ஆக்கம்தான். ஆனால் பழைய அலுவலகத் தமிழில் மந்திரியின் பிரைவேட் செக்ரட்டரிக்கு ‘அந்தரங்கக் காரியதரிசி’ என்று பெயர். அந்தரங்கத்துக்கே சர்க்கார் சம்பளத்தில் ஓர் ஆள்! வள்ளுவரும் புறங்கூறாமையை அறத்துப்பாலில் வைத்தார், ஒற்றாடலைப் பொருட்பாலில் அரசியலின் கீழ் வைத்தார். ஒருத்தன் முதுகுக்குப் பின்னால் பேசுவது பாவம், ஆனால் அரசு நடக்க வேவு வேண்டும். ஒரே ஒரு வித்தியாசம். அந்தக் காலத்து ஒற்றன் அரசனுக்காகக் குடிகளையும் அதிகாரிகளையும் பார்த்தான். ஜனநாயகத்தில் அதிகாரிகளைக் குடிகளுக்காகப் பார்க்க ஒருத்தன் வேண்டியிருக்கிறது. பத்திரிகைக்காரன் நல்லபடி வேலை செய்தால் அவன் அந்த ஒற்றன். இல்லாவிட்டால் புறங்கூறுகிறவன். இரண்டுக்கும் கருவி ஒன்றுதான் என்பதில்தான் சிக்கல்.

நம்ம ஊரில் புறங்கூறும் பத்திரிகையின் முடிவு தெரிந்ததுதான். நடிகர்களின் சொந்த வாழ்க்கையை எழுதிப் பணம் பார்த்ததாகப் பேர் வாங்கிய ‘இந்து நேசன்’ லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் குத்திக் கொல்லப்பட்டார். தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் ஜெயிலுக்குப் போய், 1947இல்தான் விடுதலையானார்கள். பாகவதரின் சினிமா வாழ்க்கை அதோடு மங்கிவிட்டது. அவர்கள் அதிகாரிகள் அல்ல, கலைஞர்கள். ஆகவே நம் வழக்குக்கு நேர் சம்பந்தம் இல்லை, விட்டுவிடலாம்.

ஆனால் இன்னொரு நிகழ்ச்சியை விட முடியாது. 2016 செப்டம்பர் 22ஆம் தேதி முதலமைச்சர் ஜெயலலிதா ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். டிசம்பர் 5 வரை, எழுபத்தைந்து நாள். தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் இருந்த நாம் எல்லாரும் ஊருக்குப் போன் போட்டு, ‘என்னதான்யா நடக்குது?’ என்று கேட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. வந்ததெல்லாம் ஆஸ்பத்திரி அறிக்கைகள். வதந்தி பரப்பியதாகச் சிலரைப் போலீஸ் கைதும் செய்தது. நோயாளியின் உடம்பு நோயாளிக்குச் சொந்தம் என்றார்கள் ஒரு பக்கம். படம் ஒன்றாவது வெளியிடு என்றார்கள் இன்னொரு பக்கம்.

இரண்டு பக்கமும் தப்பான கேள்வியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது என்பது என் கட்சி. ஒரு பெண்மணி நோய்ப் படுக்கையில் கிடக்கும் படத்தைப் பார்க்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. எந்த மருந்து, எந்தக் குழாய் என்பதும் என் வேலை அல்ல. ஆனால் அந்த நாட்களில் முதலமைச்சர் நாற்காலியின் முடிவுகளை யார் எடுத்தார்கள் என்பது ஏழு கோடி ஜனங்களின் விஷயம். அக்டோபர் 11ஆம் தேதிதான் அவருடைய இலாகாக்கள் ஓ. பன்னீர்செல்வத்துக்கு மாற்றப்பட்டன. அதற்கு முந்தைய பதினெட்டு இருபது நாள் கோப்புகள் எங்கே போய் வந்தன? இடைத்தேர்தலுக்கான கட்சி வேட்பாளர் படிவங்களில் கையெழுத்துக்குப் பதில் கைவிரல் ரேகை இருந்தது. பிற்பாடு, 2019 மார்ச்சில், சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரேகையை ஏற்க மறுத்து, திருப்பரங்குன்றம் தேர்தலையே செல்லாது என்றது. பாருங்கள், ஒரு நோயாளியின் கட்டைவிரல்கூட ஒரு தொகுதியின் பொது விஷயமாகிவிட்டது. பத்திரிகைகள் அன்று படத்தைக் கேட்டதற்குப் பதில் கோப்புகளைக் கேட்டிருக்க வேண்டும். கோப்பைக் கேட்டால் அந்தரங்கம் என்று பதில் சொல்ல யாராலும் முடிந்திருக்காது.

தில்லிப் பத்திரிகை உலகத்துக்கு வருவோம். இங்கே நடந்தது பெரும்பாலும் எதிர்மாறு. 1978இல் மேனகா காந்தி ஆசிரியராக இருந்த ‘சூர்யா’ பத்திரிகை, அப்போது ராணுவ மந்திரியாக இருந்த ஜகஜீவன் ராமின் மகன் ஒரு பெண்ணோடு இருந்த படங்களை வெளியிட்டது. ஜகஜீவன் ராம் பிரதமராகும் வாய்ப்பை அந்தப் படங்கள் கெடுத்தன என்று தில்லியில் இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. அது போகட்டும். அந்தப் படங்களில் ராணுவ மந்திரியின் அலுவல் எங்கே இருந்தது? மகன் மந்திரி அல்ல. அந்தப் பெண் யாருக்கும் எந்தப் பதிலும் சொல்ல வேண்டியவள் அல்ல. படங்களைப் போடுவதற்கு இருந்த காரணம், தகப்பனார் பெரிய நாற்காலியில் இருந்தார் என்பது மட்டுமே. ராஜகோபால் அளவுகோலை வைத்துப் பார்த்தால் இது கிரகப்பிரவேசத்துக்குப் போன அதிகாரி அல்ல, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அதிகாரி.

காலம் சில சமயம் நன்றாகவே விளையாடும். 1995இல் குஷ்வந்த் சிங் தன் சுயசரிதையில் காந்தி குடும்பத்துச் சண்டையைப் பற்றி எழுதிய பகுதி பத்திரிகையில் வந்தபோது, என் அந்தரங்கம் போச்சு என்று தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியவர் அதே மேனகா காந்தி. தடை நீங்க ஆறு வருஷம் ஆயிற்று. 2001 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, ராஜகோபால் தீர்ப்பைக் காட்டி, வெளியிடுவதற்கு முன்பே தடுப்பது கூடாது என்று அதை ரத்து செய்தது. நான் இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. வழக்குப் போட அவருக்கு முழு உரிமை உண்டு. பத்திரிகை நாற்காலியில் இருக்கும்போது தெரியாத ஒன்று, எதிர் நாற்காலிக்குப் போனதும் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது பாருங்கள்.

2001 மார்ச்சில் ‘தெஹல்கா’ செய்தது வேறு தரம். ஆயுத வியாபாரிகள் என்று வேஷம் போட்டுப் போய், பா.ஜ.க. தலைவர் பங்காரு லட்சுமணன் பணம் வாங்குவதைப் படம் எடுத்தார்கள். 2012இல் கோர்ட்டும் அவரைக் குற்றவாளி என்றது. ஒளிந்து எடுத்த படம்தான், ஆனாலும் நியாயம். காரணம், மேஜை டிராயருக்குள் போன பணம் நாற்காலிக்காகக் கொடுத்த பணம். அதே தெஹல்கா, சில ராணுவ அதிகாரிகளுக்குப் பெண்களை ஏற்பாடு செய்து அதையும் படம் எடுத்தது என்ற செய்தி அந்த ஆகஸ்டில் வெளியானது. லஞ்சத்தின் ஒரு வடிவம்தானே, அவர்களே கேட்டார்கள் என்று ஆசிரியர் தரப்பு வாதாடியது. அந்த வாதத்தில் பாதி உண்மை உண்டு. லஞ்சம் கேட்டான் என்று எழுதியிருக்கலாம். அதற்கு அறைக்குள் கேமரா தேவையில்லை. கேட்டதை நிரூபிக்கப் பேச்சு போதும். அதற்கு மேல் போவது விசாரணை இல்லை, வேடிக்கை.

வேடிக்கையின் விலை என்ன என்று 2007 ஆகஸ்டில் இந்த ஊர் பார்த்தது. தில்லி அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் மாணவிகளைத் தவறான வழியில் தள்ளுகிறார் என்று ஒரு தொலைக்காட்சி சானல் ரகசியப் படம் காட்டியது. கூட்டம் திரண்டு அந்த அம்மாளை அடித்து, துணியைக் கிழித்தது. கைது செய்தார்கள், வேலையும் போயிற்று. அப்புறம் பார்த்தால் படமே ஜோடனை. மாணவி என்று காட்டிய பெண் மாணவியே இல்லை. சானலை ஒரு மாதம் நிறுத்தினார்கள். தில்லி உயர் நீதிமன்றம் தானாகவே விஷயத்தை எடுத்து, ரகசியப் படங்களுக்குச் சில வழிமுறைகளைச் சொன்னது.

இந்த இடத்தில்தான் ராஜகோபால் தீர்ப்பின் மேல் எனக்கு இரண்டாவது குறை. ‘பொது அதிகாரி’ என்று அது பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டது. கேபினட் செக்ரட்டரியும் பொது அதிகாரி, பள்ளிக்கூட ஆசிரியையும் சர்க்கார் சம்பளக்காரிதான். மேலே இருப்பவருக்கு மறுப்பு அறிக்கை விட ஆபீசர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், பத்திரிகை ஆசிரியரோடு டீ சாப்பிடும் பழக்கமும் இருக்கிறது. கீழே இருப்பவருக்கு ஒரு சஸ்பென்ஷன் ஆர்டர்தான் கிடைக்கும். நியாயமான விசாரணை செய்தால் போதும் என்கிற சலுகையின் அளவு, நாற்காலி சின்னதாகச் சின்னதாகக் குறைய வேண்டும். பெரிய அதிகாரி பற்றிய தப்பான செய்தியை அவரே நிமிர்த்திக்கொள்வார். குமாஸ்தாவைப் பற்றி எழுதுகிறவன் இரண்டு தடவை விசாரிக்கட்டும்.

எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் நடந்ததைச் சொல்கிறேன். தமிழர், நடுத்தர அதிகாரி. ஒரு டெண்டர் விஷயமாக அவர் பேரில் விசாரணை வந்தது. விசாரணை வந்ததைச் செய்தியாகப் போட்டது சரி, போடத்தான் வேண்டும். ஒரு மாலைப் பத்திரிகை அதோடு நிற்காமல், எங்கிருந்தோ அவர் பெண்ணின் கல்யாண ஆல்பத்துப் படத்தைப் பிடித்து, பெண் கழுத்து நகைக்கு அம்புக்குறி போட்டு வெளியிட்டது. கூடவே மாப்பிள்ளை வேலை பார்க்கும் கம்பெனியின் பெயர். அந்த நகையில் பாதி பாட்டி காலத்து நகை என்று எங்கள் பிளாக்கில் உள்ள பெண்களுக்கெல்லாம் தெரியும். இரண்டரை வருஷம் கழித்து ஒரு குற்றச்சாட்டும் இல்லாமல் ஃபைல் மூடப்பட்டது. அந்தச் செய்தி எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. அவர் ஓய்வு பெற்றதும் ஊருக்கே போய்விட்டார். வழியனுப்பு விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிரஸ் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாமே என்று நாங்கள் சொன்னோம். ‘என்ன ஆகும்? கண்டிப்பாங்க. அதையும் எவன் படிப்பான்?’ என்றார். அவர் சொன்னது நிஜம். கவுன்சிலின் நடத்தை நெறிகள் நன்றாகவே எழுதப்பட்டவை. பொதுநலனுக்கும் வெறும் வாய்ப்பார்ப்புக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கின்றன. ஆனால் 1978ஆம் வருஷத்துச் சட்டம் அதற்குக் கொடுத்த அதிகாரம் எச்சரிப்பது, கண்டிப்பது அவ்வளவுதான். தொலைக்காட்சி அதன் வரம்பிலேயே இல்லை.

மூன்றாவது குறையும் ஒன்று. அரசு என்கிற அமைப்பு அவதூறு நஷ்ட ஈடு கேட்க முடியாது என்று சொன்ன நீதிபதிகள், தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளைத் தொடவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லி ஒதுங்கிவிட்டார்கள். முன்கதவைச் சாத்தி, கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை. அரசு வக்கீலே அதிகாரிக்காகவும் மந்திரிக்காகவும் கிரிமினல் அவதூறு வழக்குப் போடலாம் என்கிற வசதி இருந்தது. தமிழ்நாட்டில் அது எவ்வளவு தாராளமாகப் பயன்பட்டது என்பது பத்திரிகை படிக்கிற எல்லாருக்கும் தெரியும். அப்படிப் போட்ட ஒரு கட்டு வழக்குகளை 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அப்துல் குத்தூஸ் ரத்து செய்தார். அந்த வரிசையில் நக்கீரன் மேல் போட்ட வழக்கும் இருந்தது என்பது பொருத்தம்தான். ஆனால் கிரிமினல் அவதூறுச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னது அப்படியே இருக்கிறது. புதிய நியாய சன்ஹிதாவிலும் அது இடம் மாறி உட்கார்ந்துவிட்டது.

இனி நான் விட்டுவைத்த முரண். 2005இன் தகவல் உரிமைச் சட்டம், 8(1)(ஜே) பிரிவில், ராஜகோபால் போட்ட கோட்டையே ஏறக்குறைய சட்டமாக்கியது. பொது நடவடிக்கையோடு சம்பந்தமில்லாத சொந்தத் தகவலைக் கொடுக்க வேண்டாம், பொதுநலன் கேட்டால் கொடு. பாராளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்காதே. அழகான வரி அது, எனக்கு மிகவும் பிடித்தது. 2012இல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊழியர் மேல் எடுத்த ஒழுங்கு நடவடிக்கை, அவருடைய சொத்து, வருமான வரிக் கணக்கு எல்லாம் அவருக்கும் எஜமானனுக்கும் இடைப்பட்ட விஷயம் என்று சொல்லிவிட்டது. எஜமானன் யார் என்ற கேள்வியை நீதிமன்றம் கேட்கவில்லை. எனக்கு மாதா மாதம் சம்பளம் கொடுத்தது ஜாயின்ட் செக்ரட்டரியின் பாக்கெட் இல்லையே.

இதில் வினோதம், தேர்தலில் நிற்பவனுக்கு 2003 முதல் வேறு நியாயம். அவன் மனைவி கழுத்தில் எத்தனை கிராம் தங்கம் என்பது வரை பிரமாணப் பத்திரத்தில் எழுதி ஊருக்குக் காட்டுகிறான். உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் 2025 மே மாதம் தங்கள் சொத்து விவரங்களை வெளியிட ஆரம்பித்துவிட்டார்கள். நடுவில் நிற்கும் அதிகாரிக்கு மட்டும் திரை. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னபோது நான் சந்தோஷப்பட்டேன். ஆதார் அட்டையோடு வரிசையில் நின்ற சாதாரண ஜனங்களுக்கான உரிமை அது. அதன் பெயரைச் சொல்லி வந்த 2023ஆம் வருஷத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் அந்த 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இப்போது அங்கே இருப்பது ‘சொந்தத் தகவல்’ என்ற ஒரே விலக்கு. பொது நடவடிக்கை என்ற பேச்சும் போயிற்று, எனக்குப் பிடித்த அந்தப் பாராளுமன்ற வரியும் போயிற்று. முந்தைய மசோதாக்களில் பத்திரிகை வேலைக்கு இருந்த விலக்கும் இந்தச் சட்டத்தில் இல்லை.

அரசு ஊழியனாக இருந்தவன் இதை வரவேற்க வேண்டாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வரவேற்க மாட்டேன். மேலே சொன்ன எங்கள் பிளாக் நண்பரின் பெண்ணை இந்தத் திருத்தம் காப்பாற்றியிருக்காது. அந்தப் படம் எந்த விண்ணப்பத்திலும் வாங்கியது அல்ல, யாரோ கைமாற்றிக் கொடுத்தது. திருத்தம் அடைப்பது முறையாகப் பத்து ரூபாய் கட்டி, பெயர் விலாசம் எழுதிக் கேட்கிறவனின் வாசலை. வேலை ஆணைக்கான தகுதிப் பட்டியல், யாருக்கு எந்தக் குவார்ட்டர்ஸ் ஒதுக்கினார்கள், ரேஷன் கடையில் எத்தனை பேருக்குக் கொடுத்ததாக எழுதினார்கள், எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் பெயர் இருக்கத்தான் செய்யும். பெயர் இருந்தால் சொந்தத் தகவல் என்று திருப்பி அனுப்பலாம். திருட்டுத்தனமாகப் படம் வாங்குகிறவன் பழையபடி வாங்குவான். நேர்வழியில் கோப்புக் கேட்ட நிருபருக்குத்தான் கதவு சாத்தியாயிற்று. அவன் நாளைக்கு என்ன செய்வான்? அம்புக்குறி போட்ட படத்துக்குத்தான் போவான்.

ஒரு சின்னச் சந்து மிச்சம் இருக்கிறது. அதே சட்டத்தின் 8(2) பிரிவை யாரும் எடுக்கவில்லை. வெளியிடுவதால் வரும் பொதுநலன், மறைப்பதால் காக்கப்படும் நலனை விடப் பெரிது என்றால், விலக்கு இருந்தாலும் தகவலைக் கொடுக்கலாம் என்கிறது அது. நம் சங்கத்தில் பென்ஷன் பாக்கி, குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூட அட்மிஷன் என்று தகவல் விண்ணப்பம் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். இனிமேல் விண்ணப்பத்தின் கடைசிப் பத்தியில் 8(2) என்று குறிப்பிட்டு, பொதுநலன் என்ன என்பதை இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலும், ‘சொந்தத் தகவல்’ என்று ஒற்றை வரியில் வந்தாலும், அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத வேண்டும். அந்த மனுவிலும் 8(2) இருக்கட்டும்.